கதவைத் திறந்த குற்றம்

ஒரு சூரிய கிரகணம், கோலார் தங்கவயலில் ஒரு தாயின் மீது நாற்பது ஆண்டுகள் நிழலாக விழுந்து கிடந்தது.

அன்று சனிக்கிழமை. 1980 பிப்ரவரி 16. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை ஒட்டிய லைன் வீடுகளில் பிற்பகல் இரண்டு மணிக்கே எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டுவிட்டன. கோழிகளைக் கூடைக்குள் கவிழ்த்தாயிற்று. தண்ணீர்க் குடங்களில் தர்ப்பை கிடைக்காததால் அருகம்புல். எங்கள் ஆயா பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் நீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தி வைத்தாள். பாம்பு சூரியனைப் பிடித்திருக்கும்வரை உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழும் என்பது கணக்கு. ஜன்னல் இல்லாத உள்ளறையில் ஐந்து மாதக் கர்ப்பிணியான என் அம்மா. காய் நறுக்கக் கூடாது, வெற்றிலை கிள்ளக் கூடாது, ஊசியில் நூல் கோக்கக் கூடாது, அரித்தால் சொறிந்துகொள்ளவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே தலை காட்டக் கூடாது.

அம்மா தலை காட்டினாள்.

மூன்றரை மணிக்கு மேல் இருக்கும். தரை ஒருமுறை அதிர்ந்தது. தங்கவயலில் பிறந்தவர்களுக்கு இந்த அதிர்வைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், தோண்டிய வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறை, தன்மேல் இருக்கும் பாரம் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறும். மேலே அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். உடனே லைனில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்ப்பார்கள். சங்கு ஊதுகிறதா, ஆம்புலன்ஸ் ஓடுகிறதா என்று காது கொடுப்பார்கள். எங்கள் நைனா அன்று மதிய ஷிப்டு. ‘கிரகணத்தன்று குழிக்குள் இறங்காதே’ என்று ஆயா சொல்லியும், ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று இறங்கியிருந்தார்.

“வீடு ஆடிச்சி. உங்க நைனா உள்ள கீறாரு. பாம்பாவது பல்லியாவது, கதவைத் தொறந்துட்டேன்” என்பாள் அம்மா.

அன்று விபத்து எதுவும் இல்லை. நைனா இரவு வழக்கம்போல் வீட்டுக்கு வந்தார். வாசலில் அம்மா நின்றது மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கலாம். ஜூன் கடைசி வாரத்தில் நான் பிறந்தேன். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

‘கிரகணம் பார்த்தால் பிள்ளை மூளியாகப் பிறக்கும்’ என்பதை அறியாத தமிழ்ப் பாட்டி கிடையாது. எங்கள் ஆயாவுக்குச் சாட்சியே தேவைப்படவில்லை. பிரசவ அறையிலேயே தீர்ப்பு வழங்கப்பட்டது. லைன் முழுக்க, பிறகு அடுத்த லைன், பிறகு மாரிகுப்பம், ஆண்டர்சன்பேட்டை என்று உறவுகள் இருந்த இடமெல்லாம் செய்தி போயிற்று. ஊர்ப்பேச்சு பரவும் வேகத்துக்குத் திருக்குறள் தேர்ந்தெடுக்கும் உவமை கிரகணம்தான். நிலவைப் பாம்பு பிடித்த செய்தி ஊரெல்லாம் தெரிவதுபோல என்கிறது அலர் அறிவுறுத்தல் அதிகாரம். எம்.ஏ. வகுப்பில் அந்தக் குறளை நடத்தியபோது நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது நினைவிருக்கிறது.

கைக்குழந்தையாக இருந்தபோதே பெங்களூரில் அறுவை சிகிச்சை நடந்து உதடு கூடிவிட்டது. மூக்குக்குக் கீழே ஒரு தழும்பும் லேசான மூக்கொலியும் மட்டும் மிச்சம். பள்ளியில் என் பட்டப்பெயர் ‘கிரகணம்’. அதை நான் தாங்கிக்கொண்டேன். அம்மா தாங்கியதுதான் அதிகம். கல்யாண வீடுகளில் யாராவது என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்புவார்கள். “அன்னிக்கு இன்னா பண்ணே?” என்று கேட்பார்கள். அவள் ஒருபோதும் எதிர்த்துப் பேசியதில்லை. தவறு தன்னுடையது என்றே அவளும் நம்பினாள்.

இதில் வேடிக்கை, எங்கள் வீட்டில் பகுத்தறிவுக்குப் பஞ்சமில்லை என்பது. தாத்தா பழைய தமிழ் பௌத்தர். அயோத்திதாசப் பண்டிதரின் இயக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கவயலில் வேரூன்றிவிட்டது. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒரு பதிப்பகமே நடந்தது. பண்டிதர் சென்னையில் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் காலத்துக்குப் பின் இங்கிருந்தும் வெளிவந்தது. ராகு கேதுவை எல்லாம் தாத்தா பேச்சில் கிழித்து எறிந்துவிடுவார். ஆனால் உலக்கையை நிறுத்த ஆயா கேட்டபோது தாம்பாளத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். (அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும். கிரகணமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை நான் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஆயா உயிரோடிருந்த காலத்தில் அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை.)

அம்மா அன்று பார்த்தது முழு கிரகணமே அல்ல. நிலவின் கருநிழல் கர்நாடகத்தின் கார்வார் கரையில் ஏறி, ஹூப்ளி, கதக், ராய்ச்சூர் பக்கமாக ஆந்திரத்தைக் கடந்து ஒரிசாவின் கொனார்க் அருகே கடலில் இறங்கியது. தங்கவயல் அந்தப் பாதைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. இங்கே சூரியனின் பெரும்பகுதி மறைந்தது, முழுதும் மறையவில்லை. இந்த வித்தியாசம் பெரியது. சூரியன் முழு நிலவைப் போல ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு பிரகாசமானது. நூற்றில் ஒரு பங்கு சூரியன் மிச்சமிருந்தாலும் நாலாயிரம் முழு நிலவுகளின் வெளிச்சம் இருக்கும். அம்மாவிடம் கேட்டால் சரியாகச் சொல்வாள்: “இருட்டெல்லாம் இல்லடி. ஜுரம் வந்தவன் கண்ணு மாதிரி ஒரு மஞ்ச வெயிலு. நெழலு மட்டும் கத்தியால கீறினாப்ல இருந்திச்சி.” சூரியன் மெல்லிய பிறையாகக் குறுகும்போது நிழல்களின் விளிம்பு கூர்மையாகிவிடும் என்பதை நான் பின்னால் புத்தகத்தில் படித்தேன். அம்மா ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கிறாள்.

இருட்டைப் பற்றி எங்கள் ஊருக்கு வெளியாள் பாடம் எடுக்க முடியாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த தமிழர்கள் கூண்டில் ஏறி அதற்குள் இறங்கினார்கள். விளக்கை அணைத்தால் கண்ணெதிரே பிடித்த கை தெரியாது. இந்த ஆழத்தில் 1965இல் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தைப் பிடித்தார்கள். உலகில் அப்படிப் பிடித்த முதல் குழுக்களில் ஒன்று அது. எண்பதுகளிலும் அவர்களின் கருவிகள் கீழே ஓடிக்கொண்டிருந்தன. “வானத்தைப் பாக்க பூமிக்குள்ள வராங்க, படிச்சவங்க” என்று நைனா சிரிப்பார். நியூட்ரினோவுக்குக் கிரகணம் என்பதே கிடையாது. சூரியனிலிருந்து புறப்பட்டால் நிலவையும் துளைத்துக்கொண்டு, பூமியையும் துளைத்துக்கொண்டு போய்விடும். 1980 பிப்ரவரி 16 அன்று பூட்டிய கதவுகளையும் அம்மாவின் வயிற்றையும் கோடிக்கணக்கில் அவை கடந்துதான் போயிருக்கும். எந்தப் பஞ்சாங்கமும் அதற்குப் பரிகாரம் சொல்லவில்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நைனாவின் நுரையீரலில் பாறைத் தூசு படிந்திருந்தது. சிலிகோசிஸ் என்றார்கள். மூச்சு வாங்கி வாங்கி அவர் போனதற்கு லைனில் யாரும் யாரையும் ‘அன்னிக்கு இன்னா பண்ணே’ என்று கேட்கவில்லை.

மொழிபெயர்ப்பு என்பது அடுத்தவர் வாக்கியத்துக்குக் கூலி வேலை. ஆனால் சில சமயம் உங்கள் வீட்டு விலாசமே அதில் வந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன், தங்கவயல் வரலாறு பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்க உட்கார்ந்தேன். அதில் ஜான் வாரன் என்ற பெயர் வந்தது. தங்கவயல்காரர்களுக்குப் பழக்கமான பெயர். மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த இந்த ராணுவ அதிகாரி, மண்ணில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு 1802இல் கிராமத்தாரை அழைத்து மண்ணைக் கழுவிக் காட்டச் சொன்னார். மாரிகுப்பத்தில் சிறு குழிகளில் இறங்கித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்களைப் பார்த்தார். அவர் எழுதிவைத்த அறிக்கைதான் பின்னாளில் வெள்ளைக்காரக் கம்பெனிகளை இங்கே இழுத்து வந்தது. அதாவது எங்கள் முப்பாட்டனையும்.

வாரனின் பிற்காலம் எனக்குப் புதிது. பிரெஞ்சு வம்சாவளியினரான அவர் 1805 முதல் 1811 வரை சென்னை வான் ஆய்வகத்தின் பொறுப்பாளராக இருந்தார். கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து 1830இல் அங்கேயே இறந்தார். இந்தியக் காலக்கணக்கு பற்றி அவர் எழுதி 1825இல் சென்னையில் அச்சான ‘கால சங்கலித’ என்ற பெரும் நூலில் ஒரு காட்சி வருகிறது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி உட்கார்கிறார். கையில் ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை அடுக்கிய வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே சோழிகளை நகர்த்துகிறார். 1825 மே 31 இரவு வரவிருக்கும் சந்திர கிரகணத்துக்கு நேரம் சொல்கிறார். தொடக்க நேரத்தில் அவர் கணக்கு பிசகியது நான்கே நிமிடம். முடியும் நேரத்தில் முக்கால் மணிக்கு மேல் பிசகியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏன் அப்படிக் கூட்ட வேண்டும், ஏன் கழிக்க வேண்டும் என்ற தத்துவம் அவருக்குத் தெரியாது, நினைவாற்றல்தான் எல்லாம் என்று வாரன் குறிப்பிடுகிறார்.

இது புதுச்சேரிக்கு முதல் தடவையும் அல்ல. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1769இல் மேகத்திடம் தோற்ற பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தில், ஒரு தமிழரிடம் இந்தக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழரின் கணக்கு 41 விநாடி குறைவு, ஐரோப்பாவின் சிறந்த அட்டவணை 68 விநாடி அதிகம் என்பதை அவர் மறைக்கவில்லை. 1952இல் ஓட்டோ நாய்கபவர் என்ற கணித வரலாற்றறிஞர் வாரனின் பக்கங்களை ஆராய்ந்து, இந்தச் சோழிக் கணக்கின் சுவடு பாபிலோனியக் களிமண் பலகைகள்வரை போவதாகக் காட்டினார்.

அந்தப் பக்கங்களைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. பெருமை ஒருபுறம். இன்னொருபுறம் கோபம். கிரகணம் எந்த நாழிகையில் வரும், எந்த நாழிகையில் விடும் என்று நூற்றாண்டுகளுக்கு முன்பே குறித்துவைக்கத் தெரிந்த அதே பஞ்சாங்கம்தான், பக்கத்து வரியில் என் அம்மாவை இருட்டறையில் படுக்க வைத்தது. பாம்பு பிடிப்பதாக இருந்தால் அதற்குக் கால அட்டவணை எதற்கு என்று ஆயாவை யாரும் கேட்கவில்லை. கணக்குப் போட்டவர்களுக்கும் அந்தக் கேள்வி எழவில்லையா? எழுந்திருக்கிறது. சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி, 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலும், 1871 டிசம்பர் 12 கிரகணத்தை அவிநாசியிலும் தொலைநோக்கி வைத்துப் பார்த்தவர். பார்வைக்கு ஒத்துவரும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று அவர் பாடுபட்டார். வானியலைச் சாதாரண மக்களுக்குப் புரியவைக்க இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். திருத்தம் நேரத்தில் வந்தது. கர்ப்பிணிகளின் அறைக்குள் வரவில்லை.

அந்த 1871 கிரகணத்துக்கு மலபாரின் பேக்கல் கோட்டையிலும் நீலகிரியிலும் ஐரோப்பிய விஞ்ஞானிகள் முகாமிட்டிருந்தார்கள். அதே ஆண்டில்தான் லவேல் என்ற ஓய்வுபெற்ற ஐரிஷ் சிப்பாய், வாரனின் அறிக்கையைப் படித்துவிட்டுப் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டியில் கோலாருக்குக் கிளம்பினார். வெறும் தற்செயல். ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அம்மாவைக் குற்றவாளியாக்கிய அந்தப் பொருளை ஒரு தடவையாவது முழுதாக நேரில் பார்த்துவிட வேண்டும்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தால் முழு கிரகணம் சராசரியாக 375 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். 2009 ஜூலை 22 கிரகணம், இந்த நூற்றாண்டிலேயே அதிக நேரம் நீடிப்பது. சூரத்தில் தொடங்கி போபால், காசி, பாட்னா வழியாகப் போவது. ஒரு படப்பிடிப்புக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகக் காசிக்குப் போனேன். அன்று ஆடி அமாவாசை வேறு. அதிகாலை மூன்று மணிக்கே படித்துறைகளில் கால் வைக்க இடமில்லை. கிரகண நேரத்தில் கங்கையில் மூழ்கினால் புண்ணியம் என்று வந்த கூட்டம் ஒருபுறம், கறுப்புக் கண்ணாடியோடு வந்த வெளிநாட்டார் மறுபுறம், நடுவில் நான்.

வானம் கலங்கலாக இருந்தது. ஐந்தரை மணி வாக்கில் சூரியனின் ஓரத்தில் முதல் கடி. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டீ குடிக்கலாம், கொட்டாவி விடலாம். ஆறே கால் மணிக்குத்தான் உடம்பு முதலில் கவனித்தது. வியர்வை அடங்கியது. ஆற்றிலிருந்து வந்த காற்றில் குளிர் ஏறியது. வெளிச்சம் அம்மா சொன்ன அதே ஜுரக் கண் மஞ்சள். என் நிழலின் விரல்கள் கத்தியால் கீறியதுபோல் படிக்கட்டில் கிடந்தன.

பிறகு நடந்ததை நிமிடக் கணக்கில் சொல்ல முடியாது. மேற்கே வானத்தின் அடியில் புயல் மேகம் போல் ஒரு கருமை எழுந்து எங்களை நோக்கி ஓடி வந்தது. அது மேகம் அல்ல, நிலவின் நிழல். சூரியப் பிறை நூலாக இளைத்து, மணி மணியாக உடைந்தது. நிலவின் விளிம்பில் உள்ள பள்ளத்தாக்குகளின் வழியே கசியும் வெளிச்சம் அது. கடைசியில் ஒரே ஒரு மணி வைரம்போல் எரிந்து அணைந்தது. யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல் பகல் போயிற்று. 6.24.

இருந்த இடத்தில் சூரியன் இல்லை. மை போன்ற ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. அதைச் சுற்றி, இரு பக்கமும் நீண்டு, வெண்பட்டு இழைகளைப் போல் ஒளி விரிந்து நின்றது. எப்போதும் அங்கேயே இருந்தும் சூரியனின் பிரகாசத்தால் நம் கண்ணுக்குத் தெரியாத அதன் புற வளிமண்டலம், கரோனா. எந்தப் புகைப்படமும் அதைச் சரியாகக் காட்டுவதில்லை. காரணம், புகைப்படத்தில் அது அசையாத படம். நேரில் அது உங்களைப் பார்க்கிற மாதிரி இருக்கும். வானத்தில் வெள்ளி பளிச்சிட்டது. அடிவானம் சுற்றிலும், நான்கு திசையிலும் ஒரே நேரத்தில் அந்தி நிறம். லட்சம் தொண்டைகளிலிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. சங்கும் மணியும். என் பக்கத்தில் இருந்த ஜப்பானிய விஞ்ஞானி கேமராவை மறந்துவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாவிட்டால் நான் எழுதியதெல்லாம் பொய். நிலவு சூரியனைவிட சுமார் 400 மடங்கு சிறியது, சுமார் 400 மடங்கு அருகில் இருக்கிறது, அதனால் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் முதுகுத்தண்டு கேட்கவில்லை. அந்தக் கணத்தில் ஆயாவை மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புரிந்தது. இதைக் கண்டு எந்தக் கதையும் கட்டாமல் இருக்க எந்த ஊராலும் முடியாது. மெக்ஸிகோவில் கிரகணத்தன்று கர்ப்பிணிகள் இடுப்பில் சாவியோ ஊக்கோ குத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. அவர்கள் பயப்படுவதும் இதே உதட்டுப் பிளவுக்குத்தான். கடல் தாண்டி, மொழி தாண்டி, ஒரே பயம்.

சில நிமிடங்களில் வைரம் மறுபுறம் பூத்தது, பகல் திரும்பியது. பாட்னா பக்கம் தாரேக்னாவில் கூடியிருந்த பெரும் கூட்டத்துக்கு மேகம் எதையும் காட்டவில்லை என்று பிறகு அறிந்தோம். காசியில் நெரிசலில் சிக்கி ஒரு பெண் இறந்துபோனார் என்ற செய்தியும் வந்தது. சூரியன் அவரைத் தொடவில்லை. கூட்டம்தான் கொன்றது.

கிரகணத்தில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. முழுதும் மறையாத சூரியனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும். வலிகூடத் தெரியாது. முழுதாக மறைந்த அந்தச் சில நிமிடங்களில் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். கர்ப்பிணிக்கும் இதே விதிதான். தனி விதி கிடையாது.

அடுத்த ஆண்டு மருத்துவக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்தது. கருவின் முகம் உருவாவதைப் பற்றிய பகுதி. முகம் இரு பக்கங்களிலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் கூடுகிறது. மேலுதடு கருவின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையே ஒட்டி முடிந்துவிடுகிறது. ஒட்டாமல் போனால் பிளவு. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது. மரபணு, ஊட்டக்குறைவு, சில மருந்துகள், புகை என்று பல காரணங்கள் கூடலாம். பெரும்பாலும் இன்னதென்று சுட்ட முடியாது.

பேனாவை வைத்துவிட்டுக் காலண்டரை எடுத்தேன். ஜூன் கடைசியில் பிறந்த நான் அக்டோபர் முதல் வாரத்தில் கருவானவள். என் உதட்டின் கதை 1979 நவம்பர் முடிவதற்குள் முடிந்துவிட்டது. கிரகணம் வந்தது பிப்ரவரி 16. அம்மா கதவைத் திறந்தபோது, பிளவு பன்னிரண்டு வாரப் பழசு.

இதைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது என்று ஸ்வர்ணா ரயிலைப் பிடித்தேன். பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் தங்கவயல் பிள்ளைகளால் பிதுங்கும் ரயில். வீட்டில் காகிதத்தில் கட்டம் போட்டு, மாதம் மாதமாக அம்மாவுக்குக் காட்டினேன். அவள் நீண்ட நேரம் அந்தக் கட்டங்களையே பார்த்தாள். முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

“அப்ப நவம்பர்ல நான் இன்னாடி பண்ணேன்?” என்றாள்.

முப்பது ஆண்டுகள் சுமந்த பழியைக் கீழே வைக்கச் சொன்னால், அதை வைக்க இடம் தேடுகிறாள். நவம்பரில் அவள் ஒன்றும் செய்யவில்லை என்று அன்றும் சொன்னேன், மறுநாளும் சொன்னேன். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் சொன்னேன். அவள் தலையாட்டுவாள்.

2019 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். லைன் வீடுகளின் வாசலில் காகித நட்சத்திரங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் கங்கண கிரகணம். தங்கவயலில் சூரியனில் ஏறத்தாழ 90 சதவிகிதம் மறையும். கோவைக்கு அழைத்தேன், அம்மா வரவில்லை. “எங்க பாத்தனோ அங்கயே பாக்கறேன்” என்றாள்.

எட்டு மணிக்கு மேல் தொடங்கியது. லைனில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன, பாதி திறந்திருந்தன. பையன்கள் செல்போனோடு அலைந்தார்கள். நான் கொண்டுபோயிருந்த கண்ணாடியை அம்மா ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்குப் பிடித்தது வேப்பமரத்தடி. இலைகளின் இடுக்கு வழியே விழுந்த வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றும் பிறையாக மாறியிருந்தன. நான் சமையலறையிலிருந்து சல்லடையை எடுத்து வந்து வெயிலில் பிடித்தேன். சிமெண்ட் தரையில் நூற்றுக்கணக்கில் பிறைகள். அம்மா குனிந்து, அவற்றின் மேல் கையை நீட்டி, உள்ளங்கையில் நாலைந்தை ஏந்திக்கொண்டாள்.

ஒன்பதரை. ஜுர மஞ்சள் வெயில். அம்மா நிமிர்ந்து மூன்றாவது வீட்டுக் கதவைப் பார்த்தாள். அந்த வீட்டு மருமகளுக்கு ஏழு மாதம். விடியற்காலையிலிருந்து உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அம்மா உள்ளே போனாள். இட்லிப் பானையைத் திறந்து, தட்டில் நாலு இட்லியும் சட்டினியும் வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரோடு வெயிலில் நடந்துபோய் அந்தக் கதவைத் தட்டினாள். கதவு ஒரு சாண் திறந்தது.

“இன்னும் கிரகணம் விடலியே அக்கா” என்றது மாமியார் குரல்.

“வவுத்துல கீறதுக்கு அது தெரியுமா? பசிக்கிறதுதான் தெரியும். நவுரு” என்றாள் அம்மா.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. வாசல்படியில் உட்கார்ந்து அந்தப் பெண் நாலு இட்லியையும் சாப்பிட்டாள். மாமியார் வானத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா சொம்பை நீட்டியபடி பக்கத்தில் நின்றாள்.